பெட் சார்ஜ் 1,000 ரூபாய்

என் மேஜை மேல் ஒரு லாட்ஜ் பில் இருக்கிறது. போன சீசனில் குற்றாலத்தில் வாங்கியது. ஐந்து ரூம், ஒரு நாள் வாடகை. அதற்குக் கீழே பேனாவால் தமிழில் ஒரு வரி: ‘பெட் சார்ஜ் 1,000’.

பி.காம். படித்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. பில்லை வரி வரியாகப் படிக்காமல் பணம் கொடுக்க மாட்டேன். “இது படுக்கிற பெட்டா, வளர்க்கிற பெட்டா?” என்று கவுன்ட்டரில் கேட்டேன். மேனேஜர் சிரிக்காமல் சொன்னார்: “நாய்க்குத்தான் சார்.”

அந்த நாய் அன்று ராத்திரி எங்கே படுத்திருந்தது தெரியுமா? கார் பார்க்கிங்கில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். அதற்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு, சாரலில் தலையில் துண்டைச் சுற்றியபடி விடியவிடிய உட்கார்ந்திருந்தவர் என் அத்தை. வயது 71.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். அம்மா, அப்பா, மாமனார், மச்சினன், குழந்தைகள் என்று ஒரு வேன் நிறைய ஆட்களோடு குற்றாலம் போன எல்லோருக்கும் இதில் பாதியாவது நடந்திருக்கும். நாய் இருந்தால் மீதியும் நடந்திருக்கும்.

அத்தை சங்கரன்கோவிலில் தனியாக இருக்கிறார். மாமா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகளில் ஒருத்தன் மஸ்கட், ஒருத்தி பெங்களூர். வீட்டில் இருக்கும் இன்னொரு உயிர் மணி. சாதாரண நாட்டு நாய். தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தது. ராத்திரி யாராவது கேட்டைத் தொட்டால் குரைப்பதும் அவன்தான், அத்தை சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருப்பதும் அவன்தான்.

நாலு குடும்பம், 18 பேர் சேர்ந்து போகலாம் என்று முடிவானபோது அத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். “மணி வந்தா நான் வாரேன்யா. அவனை யார்ட்ட விட்டுட்டு வர?”

நியாயமான கேள்வி. ரயிலில் நாயோடு போக வேண்டுமென்றால் ஃபர்ஸ்ட் கிளாஸில் ஒரு கூபேயை மொத்தமாக நாமே புக் செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில்தான் நாய் வர முடியும். அதனால் அத்தை வீட்டிலிருந்தே வேன் பிடித்தோம். லாட்ஜுக்கு முன்கூட்டியே போன் செய்து, “பெட் அலவ்டா?” என்று இரண்டு தடவை கேட்டேன். “பெட் ஃப்ரெண்ட்லி சார், தாராளமா வாங்க” என்றார்கள். 5,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் இறங்கினால், மூன்று மாடியில் ஐந்து ரூம். ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் சம்பந்தமில்லை. லிஃப்ட் கிடையாது. மணியைப் பார்த்ததும் மேனேஜர் முகம் மாறியது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“நாய்னா பொமரேனியன், லாப்ரடார் மாதிரி இருக்கும்னு நினைச்சோம் சார். இது நாட்டு நாயால்லா இருக்கு!”

அதாவது, ஃப்ரெண்ட்லிதான். ஆனால் ஜாதி பார்த்து ஃப்ரெண்ட்லி.

2005 ஜனவரியில் இந்தியத் தபால் துறை நாலு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. நாலும் நம் நாட்டு இனங்கள். அதில் ஒன்று ராஜபாளையம். குற்றாலத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். அந்த ஊர் நாய் தபால்தலையில் ஏறி நாடு முழுக்கப் போகலாம். மணி மாதிரி இனமும் இல்லாத, பெயரும் இல்லாத தெரு நாயின் பிள்ளை மட்டும் ஜெனரேட்டர் பக்கத்தில் கிடக்க வேண்டும்.

விடிந்ததும் அத்தை வேனைத் திருப்பச் சொல்லிவிட்டார். பேரருவியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. “நீங்க குளிச்சிட்டு வாங்கய்யா. எனக்கு மனசு வெறுத்துப் போச்சு.” நாங்கள் குளித்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் குளித்தோம்.

பணம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆயிரம் ரூபாயையும் சேர்த்து. சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

குற்றாலம் எப்போதுமே இப்படித்தானா? இல்லை சார்.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக நுழைந்து தென்காசிப் பக்கம் சாரலாகத் தெளிக்கிற ஊர் அது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்று மாதம் நீளும் சீசன். அந்தக் காலத்தில் இரண்டு நாள் டூருக்காக யாரும் குற்றாலம் போனதில்லை. ‘வீடு பிடித்து’ போனார்கள். சத்திரத்தில் தங்கினார்கள், பங்களாவில் தங்கினார்கள், தெரிந்தவர் வீட்டில் பத்து நாள் கிடந்தார்கள். ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் குற்றாலத்தில்தான் வாழ்ந்தார். 1954-ல் காலமாகும்வரை அவர் வீட்டுக்கு ராஜாஜி, கல்கி தொடங்கி யார் யாரோ வந்து தங்கி, சாப்பிட்டு, கம்பனைக் கேட்டுப் போனார்கள். அது வீடு. அங்கே செக்-அவுட் டைம் கிடையாது.

எனக்கே ஞாபகம் இருக்கிறது. 1990 வாக்கில், நான் ஸ்கூலில் படிக்கும்போது, குற்றாலத்தில் ஒரு ஓட்டு வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். நடுவில் பெரிய கூடம். வரிசையாகப் பாய். பின்கட்டில் விறகடுப்பு. ஆச்சி ஒரு மூலையில், குழந்தைகள் ஒரு மூலையில். பக்கத்து வீட்டில் தங்கியிருந்த ஒரு குடும்பம் தங்கள் நாயைத் திண்ணைத் தூணில் கட்டியிருந்தது. அதற்கு யாரும் சார்ஜ் கேட்கவில்லை.

அந்த ஓட்டு வீடுகள் எங்கே போயின? நிறைய வீடுகளை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். லாட்ஜ் கூடாது என்று சொல்ல வரவில்லை. வாழ்க! ஆனால் லாட்ஜ் என்பது இரண்டு பேருக்கான கணக்கு. டபுள் ரூம், எக்ஸ்ட்ரா பெட், எக்ஸ்ட்ரா பெர்சன். நம் குடும்பங்கள் குற்றாலம் போவது இரண்டு இரண்டு பேராக இல்லை. பதினைந்து பேர், இருபது பேர் என்று போகிறோம். கூடம் இல்லாத கட்டடத்தில் அந்த இருபது பேரும் ஐந்து கதவுக்குப் பின்னால் பிரிந்து உட்கார்ந்து, வீட்டில் பார்க்கிற அதே டி.வி.யைப் பார்க்கிறார்கள். ‘ஃபேமிலி டூர்’ என்று இதற்குப் பெயர்.

பணம் இல்லாத ஊர் என்றால் மன்னிக்கலாம். ரிசார்ட் கட்டப் பணம் இருக்கிறது. ரிசார்ட்டுக்குள் சொந்தமாக அருவி விடக்கூடப் பணம் இருந்தது! இயற்கை நீரோட்டத்தைத் திருப்பித் தனியார் விடுதிகளில் செயற்கை அருவி உண்டாக்குகிறார்கள் என்ற வழக்கில், 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நடவடிக்கை எடுக்க உத்தரவிட வேண்டி வந்தது. அருவியையே வளைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு கூடமும் ஒரு அடுப்படியும் சுற்றி நாலடிச் சுவரும் உள்ள ஒரு வீட்டைக் கட்டத் தெரியவில்லை.

* * *

இப்போது கணக்குக்கு வருகிறேன். வீடு இல்லாமல் போனதற்குப் பேராசை மட்டும் காரணம் இல்லை. அரசாங்கத்தின் விதிகளும் அதே பக்கம்தான் தள்ளுகின்றன.

மத்திய சுற்றுலா அமைச்சகத்துக்கு ஹோம்ஸ்டே திட்டம் ஒன்று உண்டு. அதன்படி ஒரு வீட்டில் அதிகபட்சம் ஆறு அறை, 12 படுக்கை. உரிமையாளர் குடும்பமும் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். நல்ல திட்டம்தான். 2025 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் என்றும் அறிவித்தார்கள். ஆனால் 18 பேர் குடும்பம் இந்தத் திட்டத்துக்குள் அடங்காது. தென்காசியில் குடியிருந்துகொண்டு, குற்றாலத்தில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டைச் சீசனுக்கு மட்டும் முழுசாகக் கொடுக்க நினைக்கிறவரும் அடங்க மாட்டார்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல், ஓட்டல் ரூம் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். அதற்கு மேல் போனால் 18. கணக்கு ஆளுக்கு இல்லை, தங்குமிடம் ஒவ்வொன்றுக்கும். இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

18 பேர். ஐந்து ரூம், ரூமுக்கு 3,000. மொத்தம் 15,000. வரி 750 ரூபாய்.

அதே 18 பேர். கூடத்தோடு ஒரே வீடு, ஒரே யூனிட்டாக பில். அதே 15,000. வரி 2,700 ரூபாய்.

தலைக்கு 833 ரூபாய் வாடகை கொடுக்கிற கூட்டுக் குடும்பம், ஸ்டார் ஓட்டல் சூட்டில் தங்குகிற தொழிலதிபரின் வரிப் பட்டியலில் ஏறிவிடுகிறது. பிரிந்து படுத்தால் 5, சேர்ந்து படுத்தால் 18. ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன வீட்டுக்காரர் ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அவரும் ஆன்லைன் ஆப் வழியாக வாடகைக்கு விட்டால், வரியை அந்த ஆப் கம்பெனி வசூலித்துக் கட்டிவிடும். நம் பில்லில் ஏறத்தான் செய்யும்.

தலைக்கணக்கில் பார்த்து வரி போட்டால் என்ன? கவுன்சில் கூடும்போதெல்லாம் பாப்கார்னுக்கு எத்தனை சதவிகிதம், பரோட்டாவுக்கு எத்தனை சதவிகிதம் என்று மணிக்கணக்கில் பேசினார்களே. ஒரு ஆச்சியும் பேரனும் ஒரே கூரையில் தூங்குவதற்கு எத்தனை சதவிகிதம் என்று ஐந்து நிமிஷம் பேசக் கூடாதா?

* * *

“எல்லாம் சரி, குடும்பத்துக்கு வீடு கேள். நாய் எதற்கு?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நாய் என்றால் பயப்படும் குழந்தைகள் உண்டு. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. உலகத்தில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்த நாட்டில் நாய்க்குப் பயப்படுவது கோழைத்தனம் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், தனி வீடு வேண்டும் என்று. லாட்ஜ் காரிடாரில் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தால் பக்கத்து ரூம் குழந்தை அலறும். சுற்றுச்சுவருள்ள தனி வீட்டில் யாருக்குத் தொந்தரவு? நாய்க்குப் பயப்படுகிறவருக்கும் நல்லது, நாய் வைத்திருப்பவருக்கும் நல்லது. ‘பெட் ஃப்ரெண்ட்லி’ போர்டைத் தொங்கவிட்டு, இரண்டு தரப்பையும் ஒரே மாடிப்படியில் முட்ட விடுகிற லாட்ஜ்தான் இரண்டு பேருக்கும் எதிரி.

அடுத்து, நாய் வைத்திருக்கும் அன்பர்களுக்கு. கைதட்டிக்கொண்டே படித்தீர்கள் அல்லவா? இப்போது கையை இறக்குங்கள்.

நாயை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அது ஜனங்கள் குளிக்கிற இடம். பேரருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில் இருக்கிறது. வழியெல்லாம் குரங்கு. வழுக்குப் பாறையில், கூட்டத்தில், குரங்கைப் பார்த்து மிரண்ட நாய் என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. ‘என் பையன் கடிக்க மாட்டான்’ என்ற வசனத்தை எல்லா நாய்க்காரர்களும் சொல்கிறார்கள், கடிபட்டவன் ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் வரைக்கும்.

காட்டுக்குள் அவிழ்த்து விடாதீர்கள். குற்றாலத்து மலை பிக்னிக் மைதானம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு. நாயிடமிருந்து காட்டு விலங்குக்குத் தாவுகிற டிஸ்டெம்பர் என்று ஒரு வைரஸ் இருக்கிறது. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி காட்டில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றது அதுதான். 2018-ல் நம் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோதும் அந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். தடுப்பூசி போடாத உங்கள் செல்லம் காட்டு ஓரத்தில் மூக்கை நுழைத்துவிட்டு வருவது விளையாட்டு இல்லை.

“இதெல்லாம் நம்ம ஊரில் நடக்குமா?” என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் வேல்ஸ் என்று ஒரு நாடு இருக்கிறது. அதுவும் மலை, மழை, சாரல்தான். மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். அங்கே கிராமத்துப் பண்ணை வீடுகளை இருபது பேர் தங்குகிற மாதிரி மொத்தமாக வாடகைக்கு விடுகிறார்கள். நாயும் வரலாம் என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். உடனே ‘வெள்ளைக்காரனுக்கு நாய் மேல் பாசம்’ என்று உருக வேண்டாம். பாசத்தோடு சட்டமும் இருக்கிறது. மேய்கிற ஆட்டை நாய் விரட்டினால் நாய்க்குச் சொந்தக்காரர் குற்றவாளி என்று 1953-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பொதுமக்கள் நடக்க அனுமதி உள்ள மேய்ச்சல் வெளிகளில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, இரண்டு மீட்டருக்குள் கயிற்றில் பிடித்துக்கொண்டுதான் நாயை நடத்த வேண்டும். கதவும் திறந்திருக்கிறது, கயிறும் கையில் இருக்கிறது. நம் ஊரில் கதவையும் திறக்க மாட்டோம், கயிற்றையும் பிடிக்க மாட்டோம். ஆயிரம் ரூபாயை மட்டும் வாங்கிக்கொள்வோம்.

* * *

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது. ஒரு கலெக்டர் இருக்கிறார். தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம் பக்கமெல்லாம் பூட்டிய பழைய வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, பெரியவர் வரி மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள். ‘சாரல் வீடு’ என்று ஏதோ ஒரு பெயர் வைத்து, சீசனில் முழு வீடாக வாடகைக்கு விட ஒரே ஜன்னலில் அனுமதி கொடுங்கள். கழிப்பறை, தண்ணீர், செப்டிக் டேங்க், தீயணைப்பு எல்லாம் சரியா என்று கண்டிப்பாகப் பாருங்கள். காட்டு ஓரத்தில் புதுசாக ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். இருக்கிற கூரைக்குக் கீழே ஆள் வரட்டும். சும்மா கிடக்கிற வீட்டுக்கு மூன்று மாத வருமானம், அந்த ஊர்ப் பெண்களுக்குச் சமையல் வேலை, வீடு இடியாமல் நிற்கும். நஷ்டக் கணக்கை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை.

நாய் வரலாம் என்கிற வீடு, நாலு நிபந்தனையைப் போர்டிலேயே எழுதட்டும். ஒன்று, வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இரண்டு, சுற்றுச்சுவருக்கு வெளியே கயிறு இல்லாமல் வரக் கூடாது. மூன்று, அருவிக்கும் காட்டுக்கும் நாய் போகக் கூடாது. நான்கு, அது அசிங்கம் செய்தால் சுத்தம் செய்ய வேண்டியது கூட்டி வந்தவர். இதற்குச் சம்மதித்தால் பொமரேனியனும் வரலாம், மணியும் வரலாம். சுத்தம் செய்யச் செலவு ஆகுமென்றால் கட்டணமும் வாங்குங்கள். எதற்கென்று எழுதி வாங்குங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த சீசனுக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன்பு மூன்று கேள்வி கேளுங்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார ஒரு கூடம் இருக்கிறதா? வயசானவர்களுக்குத் தரைத்தளத்தில் இடம் இருக்கிறதா? நாய் ராத்திரி எங்கே படுக்கும்? மூன்றாவது கேள்விக்கு ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்’ என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். நான் வைக்காமல் விட்டதன் பலனை அனுபவித்தது ஒரு 71 வயதுப் பெண்மணி.

மகாபாரதத்தின் கடைசியில், கூட வந்த நாயை விட்டுவிட்டு வந்தால் சொர்க்கத்தில் இடம் தருகிறேன் என்கிறான் இந்திரன். அப்படியென்றால் சொர்க்கமே வேண்டாம் என்கிறார் தருமர். அவருக்காவது அதில் ஒரு பரீட்சை இருந்தது, பாஸானதும் கதவு திறந்தது. என் அத்தைக்கு அந்த ராத்திரியில் எந்தக் கதவும் திறக்கவில்லை.

போன வாரம் போன் செய்து, “அத்தை, இந்தத் தடவை வீடாப் பார்க்கேன், வருவியளா?” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: “மொதல்ல நீ போய் வீட்டப் பார்த்துட்டு வாய்யா. அவன் எங்க படுப்பான்னு பார்த்துட்டு வந்து சொல்லு. பெறகு வாரேன்.”

போய்ப் பார்க்கப் போகிறேன். பில் இன்னும் மேஜை மேலேயே இருக்கிறது.